மதிப்பிட்டு எழுதும் கட்டுரைக்கு அளவுகோலை முதலில் கொடுக்கலாமா?

பொருநைக்கரை:
அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். "பள்ளி வளாகத்தில் நட ஏற்ற மரம் எது?" என்று கட்டுரை கொடுத்தால், பாதிப் பேர் "வேம்புதான் சிறந்தது, ஏனென்றால் அது மிகவும் நல்ல மரம்" என்று முடித்துவிடுகிறார்கள். மீதிப் பேர் வேம்பின் மருத்துவக் குணங்களை ஒரு பக்கத்துக்கு எழுதுகிறார்கள். கேட்ட கேள்விக்கு அதில் பதில் இல்லை.

இந்த ஆண்டு முறையை மாற்றினேன். மரத்தின் பெயரையே எடுக்கக் கூடாது. பள்ளி மரத்துக்கு என்னென்ன தகுதி வேண்டும் என்று முதலில் எழுத வேண்டும். பிள்ளைகளே சொன்னார்கள்: வெயில் காலத்தில் நிழல் தர வேண்டும், காற்றில் கிளை முறியக் கூடாது, வேர் சுவரைப் பிளக்கக் கூடாது, கோடை விடுமுறையில் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லாவிட்டாலும் பிழைக்க வேண்டும். அப்புறம்தான் மரம். பூவின் அழகுக்காக மயில்கொன்றையைச் சொன்ன மாணவி, அது வறட்சியில் இலை உதிர்ப்பதையும் அதன் கிளை எளிதில் முறிவதையும் தானே எழுதிப் பார்த்துப் புங்கனுக்கு மாறினாள். சக ஆசிரியர் ஒருவரோ, இது பிள்ளைகளின் சிந்தனையைக் கட்டிப்போடும் வேலை என்கிறார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

செம்பருத்தி:
நான் உங்கள் சக ஆசிரியர் பக்கம். மரத்துக்கு இது சரி. கவிதைக்கு? பன்னிரண்டாம் வகுப்பில் நயம் பாராட்டல் எழுதுகிறார்களே, அதில் மையக்கருத்து, மோனை, எதுகை, இயைபு, அணி, சந்தம், சுவை என்று எல்லாம் வகுத்துத்தான் தருகிறோம். விடைத்தாளில் என்ன வருகிறது? மோனைக்கு ஒரு வரையறை, கீழே இரண்டு சொற்கள், "எனவே இப்பாடலில் மோனை நயம் சிறந்து விளங்குகிறது". எந்தப் பாடல் வந்தாலும் இதே விடை, கைடில் அச்சிட்டபடி. அளவுகோலை முன்னால் நீட்டினால் பிள்ளை அதைத்தான் பார்க்கும், பாட்டைப் பார்க்காது.

சாக்பீஸ்:
பாடத்தை முடிக்கவே நேரம் போதவில்லை. ஒரு வகுப்பு நிறையப் பிள்ளைகள். இரண்டு முறை எழுதவைத்து இரண்டு முறை திருத்த யாரால் முடியும்?

பொருநைக்கரை:
சாக்பீஸ் சார், தகுதிகளைக் கரும்பலகையில் எல்லோரும் சேர்ந்து வாய்மொழியாகவே போட்டுவிடலாம். திருத்துவது ஒரு முறைதான்.

செம்பருத்தி, அந்த விடைகளைப் பற்றி நீங்கள் சொல்வது முழு உண்மை, எனக்கும் அதில் வருத்தம் உண்டு. ஆனால் அங்கே இருப்பவை வெறும் துணைத்தலைப்புகள். எதுகை இருக்கிறதா என்று தேடச் சொல்கிறோம். அந்த எதுகை பொருளுக்கு உதவுகிறதா, அடியை நிரப்ப வந்த சொல்லா என்று என்றைக்காவது கேட்டிருக்கிறோமா? பாடல் சிறந்தது என்ற முடிவைக் கேள்வித்தாளே எடுத்துவிடுகிறது. பிள்ளை தீர்மானிக்க எதுவும் மிச்சமில்லை.

களத்துமேடு:
நான் ஆசிரியர் இல்லை, பெற்றோர். நன்னூல் பாயிரத்தில் பவணந்தி முனிவர் நூலுக்குப் பத்துக் குற்றம், பத்து அழகு என்று எப்போதோ வகுத்துவிட்டார். குன்றக் கூறல் (வேண்டியதைக் குறைத்துச் சொல்வது), மிகைபடக் கூறல் (தேவைக்கு மேல் சொல்வது), கூறியது கூறல், மாறுகொளக் கூறல் (முன்னுக்குப் பின் முரணாகச் சொல்வது). இந்த நான்கை மட்டும் வைத்து என் மகளின் கட்டுரையைப் பார்த்தாலே திருத்த வேண்டிய இடம் தெரிந்துவிடுகிறது. அளவுகோல் பிள்ளைகளைக் கெடுக்கும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

செம்பருத்தி:
ஐயா, 'கூறியது கூறல்' குற்றம் என்றால் தாலாட்டும் ஒப்பாரியும் என்ன ஆவது? திரும்பத் திரும்ப வருவதுதான் அவற்றுக்கு உயிர். இலக்கண நூலுக்குச் சொன்னதைப் பாட்டின் மேல் வைத்தால் நல்ல பாட்டு தோற்றுவிடும்.

பொருநைக்கரை:
இந்த அளவுகோல் இந்த வகைக்குப் பொருந்தாது, ஏனென்றால் ஒப்பாரியின் வேலை வேறு. நீங்கள் சொன்னது இதுதானே? ஒரு மாணவர் இப்படி எழுதினால் முழு மதிப்பெண் போடுவேன். நான் கற்றுத்தர நினைப்பதே இதைத்தான்.

கடலோரம்:
நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். 2018இல் கஜா புயல் வந்த பிறகு எங்களுக்கு 'காற்றைத் தாங்குமா' என்பதுதான் முதல் கேள்வி, நிழல் அப்புறம். ராமநாதபுரத்தில் கேட்டால் தண்ணீரை முதலில் சொல்வார்கள். தகுதிகள் அதேதான், எதற்கு எவ்வளவு எடை என்பது மாறுகிறது. டீச்சர், எது முக்கியம், ஏன் முக்கியம் என்று எழுதச் சொல்கிறீர்களா? இல்லாவிட்டால் நான்கு தகுதிக்கு நான்கு பத்தி எழுதிவிட்டு, எந்த மரத்துக்கு அதிகம் என்று எண்ணி முடிவு சொல்வார்கள்.

களத்துமேடு:
கடலோரம் சொல்வது குறளிலேயே இருக்கிறது. தெரிந்துதெளிதல் அதிகாரத்தில் 501ஆம் குறள் ஆளைத் தேர்ந்தெடுக்க அறம், பொருள், இன்பம், உயிரச்சம் என்று நான்கு சோதனைகளைச் சொல்கிறது. 504இல் "குணம்நாடிக் குற்றமும் நாடி அவற்றுள் மிகைநாடி" என்கிறார். குணத்தையும் குற்றத்தையும் தேடுவதோடு நிறுத்தவில்லை, எது மிகுதி என்று நிறுக்கச் சொல்கிறார்.

செம்பருத்தி:
எடை பற்றிச் சொன்னது எனக்குச் சம்மதம். ஆனால் வரிசையை விட்டுத்தர மாட்டேன். கதையைப் படித்ததும் பிடித்ததா, பிடிக்கவில்லையா என்று பிள்ளை முதலில் எழுதட்டும். அப்புறம் ஏன் என்று தோண்டட்டும், அளவுகோல் அங்கே கிடைக்கட்டும். வீட்டில் முதல் தலைமுறையாகப் படிக்க வரும் பிள்ளைகளை நான் பார்க்கிறேன். பட்டியலை முன்னால் வைத்தால், ஆசிரியர் எதை எதிர்பார்க்கிறார் என்றுதான் யோசிப்பார்கள். தனக்குப் பிடித்ததைச் சொல்லும் தைரியமே அவர்களுக்கு இப்போதுதான் வரத் தொடங்குகிறது.

பொருநைக்கரை:
சரி, கதைக்கு உங்கள் வரிசையை ஏற்கிறேன். ஆனால் எழுதி முடிக்கும்போது அளவுகோல் வெளிப்படையாகக் கட்டுரைக்குள் இருக்க வேண்டும். 'எனக்குப் பிடிக்கவில்லை' என்பதோடு யாரும் வாதாட முடியாது. 'கதையின் முடிவு கதைக்குள்ளிருந்தே வர வேண்டும், இதில் திடீரென்று ஒரு விபத்தால் வருகிறது' என்று எழுதினால் பக்கத்து பெஞ்சுப் பிள்ளை எழுந்து மறுக்கலாம். அடுத்த துணைப்பாடக் கதைக்கு ஒரு பிரிவில் என் முறையையும் இன்னொரு பிரிவில் உங்கள் முறையையும் வைத்து எழுதவைக்கிறேன்.

செம்பருத்தி:
செய்யுங்கள் டீச்சர். ஆனால் அதற்கு மதிப்பெண் கிடையாது என்று முன்பே சொல்லிவிடுங்கள். மதிப்பெண் உண்டு என்றால் பாடப்புத்தகக் கதையைப் பிடிக்கவில்லை என்று ஒரு பிள்ளையும் எழுதாது.