அமெரிக்கா கிளம்புற டெல்டா பசங்களுக்கு, துப்பாக்கி விஷயமா கொஞ்சம்

ஆடிப்பெருக்குக்கு பாபநாசம் பக்கம் எங்க ஊருக்கு வந்திருக்கேன். அக்கா பொண்ணு இந்த மாசம் எம்எஸ் படிக்க டெக்சாஸ் கிளம்புறா, பெட்டியில புளிக்காய்ச்சல் வைக்கவா வத்தல் வைக்கவான்னு வீடே அமளியா இருக்கு, அக்கா மட்டும் என்னைக் கொல்லைப்பக்கம் கூட்டிட்டுப் போய் "அங்க சுட்டுக்குறாங்கன்னு டிவில காட்டுறானே, இவளைத் தனியா அனுப்புறோமே தம்பி"ன்னு கண்ணைத் துடைச்சுக்கிட்டா. அவகிட்ட சொன்னதைத்தான் உங்களுக்கும் எழுதுறேன்.

முதல்ல உங்க விசா. எஃப்1 (படிக்கிற விசா), எச்1பி (வேலை விசா) இதுல இருக்குறவங்க துப்பாக்கி வாங்கவும் கூடாது வச்சுக்கவும் கூடாது, நாடு முழுக்கப் பொருந்துற ஃபெடரல் சட்டம். வேட்டை லைசென்ஸ் மாதிரி விதிவிலக்கு சிலது இருக்கு, வக்கீல்கிட்ட கேக்காம அதை நம்பி இறங்காதீங்க. லாங் வீக்கெண்ட்ல ரூம்மேட்ஸோட ஷூட்டிங் ரேஞ்சுக்கு (சுட்டுப் பழகுற இடம்) போய் வாடகைத் துப்பாக்கியோட போட்டோ போடுற பசங்களை நிறைய பாக்குறேன், மனசு பதறுது. ஃப்ளோரிடாவுல காலேஜ்லேர்ந்து நீக்கினதால ஸ்டூடண்ட் ஸ்டேட்டஸ் போன ஒரு பையன் ரேஞ்சுல போய் சுட்டதே கேஸாகி, 2019ல சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. ரேஞ்சுல யாரும் தடுக்கலைங்கறதால அது சட்டப்படி சரின்னு ஆயிடாது.

நம்ம ஊர்ல இதெல்லாம் எப்படி இருந்துச்சு? எங்க தாத்தாகிட்ட லைசென்ஸோட ரெட்டைக்குழல் ஒண்ணு இருந்துச்சு. எலக்‌ஷன் அறிவிச்சதும் அதைப் பழைய வேட்டியில சுத்தி, சைக்கிள் கேரியர்ல கயிறு போட்டுக் கட்டி, போலீஸ் ஸ்டேஷன்ல ஒப்படைச்சு ரசீது வாங்கிட்டு வருவார். அந்த ரசீதை பஞ்சாங்கத்துக்குள்ள வச்சிருப்பார். நம்ம சட்டத்துல துப்பாக்கிங்கறது அரசாங்கம் பார்த்துக் குடுக்குற அனுமதி. அங்க அது 1791லயே அரசியல் சட்டத்துல ஏறின உரிமை, தனி மனுஷனோட உரிமைதான்னு 2008ல சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிடுச்சு. லைசென்ஸ் வச்ச கடையில வாங்கினா பின்னணி பாப்பாங்க, ஆனா தெரிஞ்சவன்கிட்டேர்ந்து தனியா வாங்கினா ஃபெடரல் சட்டப்படி அதுகூட கட்டாயமில்ல, அது ஒவ்வொரு மாநிலத்துலயும் ஒரு மாதிரி. டெக்சாஸ்ல 2021 செப்டம்பர்லேர்ந்து 21 வயசு ஆன பெரும்பாலானவங்க கைத்துப்பாக்கியைப் பெர்மிட் இல்லாமலே எடுத்துட்டுப் போகலாம். அதனால கடையில ஒருத்தர் இடுப்புல பார்த்தா பதறாதீங்க, பேசாம நகர்ந்துடுங்க.

ஏன் இவ்வளவு நடக்குதுன்னு அக்கா கேட்டா. மனநோய்ம்பாங்க, வீடியோ கேம்ம்பாங்க. ரெண்டும் எல்லா நாட்டுலயும் இருக்கு. 32 கோடி சொச்சம் ஜனத்துக்கு 39 கோடி துப்பாக்கின்னு 2017 கணக்கே சொல்லுது, அந்த அளவுக்கு வேற எங்கயும் இல்ல. 2022ல யுவால்டே ஸ்கூல்ல 19 குழந்தைங்களையும் 2 டீச்சரையும் கொன்னவன் 18 வயசு ஆன கையோட கடையில போய் சட்டப்படிதான் வாங்கினான். 2012ல சாண்டி ஹூக் ஸ்கூல்ல 20 குழந்தைங்க செத்தது, சுட்டவனோட அம்மா வீட்டுல வச்சிருந்த துப்பாக்கியால. 2007ல வர்ஜீனியா டெக்ல செத்த 32 பேர்ல கோபிசெட்டிபாளையம் பக்கத்துலேர்ந்து போன நம்ம தமிழ்ப் பேராசிரியர் ஒருத்தரும் உண்டு. சுட்டவனுக்கு சிகிச்சை எடுக்கணும்னு கோர்ட்டே உத்தரவு போட்டிருந்துச்சு, அந்தத் தகவல் செக் பண்ற சிஸ்டத்துக்குப் போய்ச் சேரலை, அவன் கடையிலயே வாங்கிட்டான்.

அக்காவுக்குப் புரியுற மாதிரி நான் சொன்னது இது. நம்ம வயக்காட்டு வீடுங்கள்ல பூச்சிமருந்து டப்பாவைக் கண்ட இடத்துல வைக்க விடமாட்டாங்களே, ஏன்? ஒரு ராத்திரி சண்டை, அந்த ஒரு மணி நேரம் தாண்டிட்டா காலையில எல்லாம் சரியாயிடும்னு அனுபவப்பட்டவங்களுக்குத் தெரியும். இலங்கையில ரொம்ப விஷமான மருந்துகளைத் தடை பண்ணதுக்கப்புறம் தற்கொலை பெருமளவு குறைஞ்சுச்சு, ஜனங்களோட கஷ்டம் ஒண்ணும் தீர்ந்துடலை. அமெரிக்காவுல துப்பாக்கியால சாகுறவங்கள்ல பாதிக்கு மேல தற்கொலைதான், கூட்டத்துல சுடுறதுல சாகுறது அதுல ரொம்பச் சின்ன பங்கு. ஆஸ்திரேலியாவுல 1996ல போர்ட் ஆர்தர்ல 35 பேர் செத்ததும் சட்டத்தை இறுக்கி, 6 லட்சத்துக்கு மேல துப்பாக்கியைக் காசு குடுத்து திரும்ப வாங்கினாங்க. அமெரிக்காவுல அந்த அளவுக்கு இன்னும் ஆகலை, எனக்கு அதுல தீராத வருத்தம்.

குழந்தையோட போறவங்க இதை மட்டும் விடாதீங்க. என் பொண்ணு கிண்டர்கார்டன் சேர்ந்த புதுசுல ஒரு நாள் சாயந்திரம் சாப்பாட்டு மேஜைக்கு அடியில முட்டியைக் கட்டிக்கிட்டு உக்காந்து, "அம்மா லைட்டை ஆஃப் பண்ணு, சத்தம் போடாத"ன்னு கிசுகிசுத்தா. ஸ்கூல்ல லாக்டவுன் டிரில், அதாவது யாராவது சுட வந்தா சத்தமில்லாம ஒளிஞ்சுக்குற ஒத்திகை, நடந்திருக்கு, எங்களுக்குத் தெரியலை. சேர்க்கும்போதே டிரில் எப்பன்னு கேட்டு வச்சுக்குங்க. யார் வீட்டுக்காவது விளையாட அனுப்புறதுக்கு முன்னாடி "உங்க வீட்டுல துப்பாக்கி இருக்கா, குண்டு தனியா எடுத்துப் பூட்டி வச்சிருக்கீங்களா"ன்னு கேளுங்க. கேக்க நாக்கு கூசும், எனக்கும் கூசுச்சு, ஆனா அங்க பிள்ளை பெத்தவங்க அதைத் தப்பா எடுத்துக்கறதில்ல. ஸ்கூல்ல சுட்ட பசங்கள்ல பெரும்பாலானவங்க எடுத்தது சொந்த வீட்டுலேர்ந்தோ சொந்தக்காரங்க வீட்டுலேர்ந்தோதான்.

கடைசியா ஒண்ணு, இது நம்மாளுங்களுக்கு ரொம்ப முக்கியம். வழி தெரியலைன்னா எந்தத் திண்ணையிலயும் ஏறி உக்காந்து ஒரு சொம்பு தண்ணி வாங்கிக் குடிச்சுட்டுப் போற பழக்கம் நமக்கு. அங்க வேணாம். 2023 ஏப்ரல்ல கன்சாஸ் சிட்டியில தம்பிங்களைக் கூப்பிடப் போன 16 வயசுப் பையன் வீடு மாறி பெல் அடிச்சதுக்கே சுட்டாங்க, புண்ணியத்துல பொழைச்சான். அதே வாரத்துல நியூயார்க் மாநிலத்துல கார் தப்பான வீட்டு வழியில திரும்பினதுக்கு உள்ள இருந்த 20 வயசுப் பொண்ணு செத்துப் போச்சு. அதனால யார் வீட்டுக்குப் போனாலும் ரோட்டுலயே காரை நிறுத்தி, வீட்டு நம்பரைப் பார்த்து, போன் பண்ணி அவங்க கதவைத் திறந்தப்புறம் இறங்குங்க. போலீஸ் காரை நிறுத்தினா ரெண்டு கையும் ஸ்டியரிங் மேல இருக்கட்டும், பேப்பர் எடுக்கக் குனியுறதுக்கு முன்னாடி சொல்லிட்டு எடுங்க.

20ந்தேதி வரைக்கும் ஊர்லதான் இருப்பேன். எந்த மாநிலம், எந்த விசா, குழந்தை இருக்கான்னு போட்டுக் கேளுங்க, டவர் கிடைக்கிறப்ப பதில் போடுறேன்.