பாரமானி முள் தினமும் பிற்பகலில் இறங்குகிறது, கருவியில் கோளாறா?

மாடிக்காற்று, தெம்பனிஸ்:
வணக்கம். அப்பா கப்பலில் வேலை பார்த்த காலத்தில் வாங்கிய, காற்றழுத்தத்தை அளக்கும் பாரமானி போன மாதம் என் கைக்கு வந்தது. சிங்கப்பூரில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில், 12வது மாடியில், கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கிறேன். அம்மா மோர்மிளகாய் காயவைப்பார். மழை வருவதை முன்கூட்டியே சொன்னால் அவருக்கு உதவியாக இருக்குமே என்று ஆசை.

காலை 10 மணி வாக்கில் 1006 மில்லிபார் காட்டும் முள், மாலை 5 மணிக்கு 1002க்கு வந்துவிடுகிறது. மழை பெய்தாலும் அப்படித்தான், வெயில் சுள்ளென்று அடித்தாலும் அப்படித்தான். சாங்கி வானிலை நிலையத்தின் எண்ணைவிட எப்போதும் 4 குறைவு வேறு. இதைவிடக் குழப்பம், செவ்வாய் விடியற்காலை நடந்தது. பெருங்காற்றோடு மழை கொட்டி, மூங்கில் கழியில் கிடந்த துணியெல்லாம் பறந்தது. சன்னல் சாத்த எழுந்தபோது பார்க்கிறேன், முள் இறங்கவில்லை, 2 மில்லிபார் ஏறியிருந்தது! பழுதுபார்க்கக் கொடுக்கலாமா?

பிடோக்வாசி:
ஏர்கான் ஓடுகிற அறையா? அதனால் இருக்குமோ?

கடலோடி:
ஏர்கானால் அழுத்தம் மாறாது. தம்பி, கருவி நன்றாகவே இருக்கிறது, யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.

4 குறைவது மாடி உயரத்தால். சுமார் 8 மீட்டர் ஏறினால் 1 மில்லிபார் குறையும். சாங்கி எண் கடல்மட்டத்துக்குக் கணக்கிட்டது. பின்பக்கம் சின்னத் திருகு ஒன்று இருக்கும், அதை மெதுவாகத் திருப்பி அந்த எண்ணுக்குச் சரிசெய்யுங்கள்.

தினமும் இறங்குவது காற்றின் ஓதம். கடலுக்கு ஏற்ற வற்றம் இருப்பதுபோலத்தான். ஆனால் இதற்குக் காரணம் நிலா அல்ல, வெயில். மேலே ஓசோனும் நீராவியும் வெயிலை வாங்கிச் சூடாவதால் காற்றுமண்டலம் முழுவதும் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இறங்குகிறது. நிலநடுக்கோட்டுப் பக்கம் இது பலமாகத் தெரியும். இங்கே முற்பகல் 10, 11 மணிக்கும் இரவு 11 மணி வாக்கிலும் உச்சம். மாலை 4, 5 மணிக்கும் விடியலுக்கு முன்பும் தாழ்வு. உங்கள் 4 மில்லிபார் அதுதான்.

செவ்வாய்க்கிழமை வந்தது சுமத்ரா சூறைக்காற்று. ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பெரும்பாலும் விடியலுக்கு முன்போ காலையிலோ மேற்கிலிருந்து வரிசைகட்டி வரும். மழை ஆவியாகிக் குளிர்ந்த காற்று கனமாகிக் கீழே விழுந்து முன்னால் பரவும். கனமான காற்று தலைக்கு மேல் வந்தால் அழுத்தம் ஏறத்தானே செய்யும்? பழைய பாரமானியில் இறங்கினால் மழை, ஏறினால் தெளிவு என்று எழுதியிருப்பது ஐரோப்பிய வானத்துக்கு. அங்கே பெரிய தாழ்வுநிலைகள் நாள்கணக்கில் கடந்துபோகும். நமக்கு அந்த எழுத்து பொருந்தாது.

நாகைக்காரி, ஈசூன்:
அண்ணன் சொல்வது சரி. ஊரில் புயல் நெருங்கும்போது முள் மணிக்கு மணி இறங்குவதைப் பார்த்தவள் நான். அங்கே முள்ளை நம்பலாம். இங்கே புயல் உருவாவதே அபூர்வம். காற்றைச் சுழல வைக்கும் பூமியின் சுழற்சி விசை நிலநடுக்கோட்டருகே மிகக் குறைவு. ஆனால் 2001 டிசம்பர் 27 அன்று வாமெய் புயல் பக்கத்து மலேசியாவின் ஜொகூர் கரையில் ஏறியது. ஏறத்தாழ 1.4 பாகை வடக்கு, நம் அட்சரேகைதான்! அதனால் அந்தப் பாரமானி சுவரிலேயே இருக்கட்டும்.

கடலோடி:
அப்புறம் ஒன்று, தம்பி. இன்று காலையோடு இன்று மாலையை ஒப்பிடாதீர்கள். நேற்று மாலை 5 மணியோடு இன்று மாலை 5 மணியைப் பாருங்கள். டிசம்பர், ஜனவரியில் அதே நேரத்து எண் இரண்டு மூன்று நாள் உயர்ந்துகொண்டே போனால், வடக்கே சீனப் பக்கத்துக் குளிர்காற்று தென்சீனக் கடல் வழியாகத் தள்ளி வருகிறது என்று நினைக்கலாம். அப்போது விடாத மழைக்கு வாய்ப்புண்டு. பிற்பகல் இடிமழைக்கு முள் உதவாது, மழை ரேடார்தான்.

மாடிக்காற்று:
அண்ணே, அக்கா, மிக்க நன்றி. திருகைச் சரிசெய்து எட்டு நாளாகக் குறித்து வருகிறேன். ஒரே நேரத்து எண்கள் 1 மில்லிபாருக்குள்தான் மாறுகின்றன. இன்று காலை 6 மணிக்கு ரேடாரில் மேற்கே நீளப் பட்டை தெரிந்தது. மிளகாய்த் தட்டை உள்ளே எடுத்து வைத்துவிட்டு முள்ளருகே நின்றேன். காற்று அடித்தது, முள் ஏறியது, பத்து நிமிடத்தில் மழை. அம்மாவையும் கூப்பிட்டுக் காட்டினேன்.