யு.எஸ். அட்டர்னி: தொடுநரா, வழக்கறிஞரா? (கூடவே ‘விலக்கல்’)

வணக்கம். அமெரிக்க மத்திய அரசின் சார்பில் வழக்கு நடத்தும் ‘யு.எஸ். அட்டர்னி’யைத் தமிழில் எப்படி எழுதுவது என்ற பேச்சில் ஒருவர் இப்படிக் கேட்டார்:

> ‘அரசு வழக்கறிஞர்’ என்றே போட்டுவிடலாமே, எல்லாருக்கும் புரியும்.

புரியும் ஐயா, தப்பாகப் புரியும். அரசு வழக்கறிஞர் என்றதும், போலீஸ் கொண்டுவந்து கொடுக்கும் வழக்கை நீதிமன்றத்தில் நின்று நடத்துகிறவர்தான் நம் ஆட்களுக்கு நினைவு வருவார். அமெரிக்காவின் இந்த 93 பேர் வேறு ரகம். யார்மேல் வழக்குப் போடுவது, யாரை விடுவது, எப்போது போடுவது என்று முடிவு செய்வதே அவர்கள்தான். அரசியல்வாதிகளுக்கு அந்த ‘எப்போது’ மேல்தான் கண். 2006 அக்டோபரில் நியூ மெக்சிகோவின் யு.எஸ். அட்டர்னி டேவிட் இக்லேசியஸ் வீட்டுக்கு செனட்டர் பீட் டொமெனிசி போன் போட்டு, ஓர் ஊழல் வழக்கில் நவம்பருக்கு முன்னால் குற்றப்பத்திரிகை வருமா என்று கேட்டார். வராது போலிருக்கிறது என்றதும் இணைப்பு துண்டிக்கப்பட்டது. இது இக்லேசியஸே பிறகு நாடாளுமன்றக் குழு முன் சொன்னது. நவம்பரில் அங்கே தேர்தல். டிசம்பர் 7 அன்று ஒரே நாளில் பதவியை விடச் சொல்லப்பட்ட ஏழு பேரில் அவரும் ஒருவர்.

ஆக, விஷயமே ‘தொடுப்பதில்’தான் இருக்கிறது. இலங்கைச் சட்டத் தமிழில் ‘வழக்குத்தொடுநர்’ என்று கச்சிதமான சொல் இருக்கும்போது நாம் ஏன் யோசிக்க வேண்டும்? முன்னால் மலேசியத் தமிழர் ஃபெடரலுக்குப் புழங்கும் ‘கூட்டரசு’ சேர்த்தால் கூட்டரசு வழக்குத்தொடுநர். அரசுமேல் யாராவது சிவில் வழக்குப் போட்டால் எதிர்வாதம் செய்வதும் இவர்கள் அலுவலகம்தானே என்று கேட்பீர்கள். உண்மைதான், ஆனால் அதற்காகச் சொல்லை விட மனசில்லை. ‘மாவட்ட’ மட்டும் வேண்டவே வேண்டாம், டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி வேறு ஆள், பெரும்பாலும் உள்ளூர் மக்கள் ஓட்டுப் போட்டு வருபவர்.

‘தற்காலிக’ என்று பொதுவாக எழுதுவதையும் விட்டுவிடலாம். ஆக்டிங் வேறு, இன்டரிம் வேறு, இரண்டுக்கும் சட்டம் வேறு. நம் செய்தித்தாள்களில் ‘பொறுப்பு டிஜிபி’ என்கிறோமே, அந்தப் ‘பொறுப்பு’ ஆக்டிங்குக்கு. அட்டர்னி ஜெனரல் (நீதித்துறையின் தலைவர்) 120 நாளுக்குப் போடுகிற ஆள் ‘இடைக்கால’. 2025 நவம்பரில் எஃப்.பி.ஐ. முன்னாள் இயக்குநர் ஜேம்ஸ் கோமி மீதான வழக்கு தள்ளுபடியானது இந்த 120 நாளால்தான்: முன்பு இருந்தவர் காலத்திலேயே அந்தக் கெடு முடிந்துவிட்டது, அதற்கப்புறம் இந்த வழக்கைத் தொடுத்த லிண்ட்சி ஹாலிகனை இன்னோர் இடைக்கால ஆளாகப் போட்டது செல்லாது என்றார் நீதிபதி. எல்லாவற்றையும் தற்காலிகம் என்று எழுதினால் இந்தத் தீர்ப்பைத் தமிழில் எப்படிச் சொல்வது?

இனி எனக்குப் பிடித்த சொல், இவர்களைப் பதவியிலிருந்து எடுப்பதற்கானது. ‘பதவி நீக்கம்’ ஏற்கெனவே இம்பீச்மென்ட்டுக்குப் போய்விட்டது. ‘பணிநீக்கம்’ என்றால் ஆள் லஞ்சம் வாங்கி மாட்டிக்கொண்டது போல இருக்கிறது. அதனால் ‘விலக்கல்’ என்கிறேன். விலகல் தன்வினை, விலக்கல் பிறவினை, நடுவே ஒரு க் தான் வித்தியாசம். 2020 ஜூன் 19, வெள்ளிக்கிழமை இரவு, நியூயார்க்கின் யு.எஸ். அட்டர்னி ஜெஃப்ரி பெர்மன் விலகுகிறார் என்று அட்டர்னி ஜெனரல் வில்லியம் பார் அறிக்கை விடுகிறார். நான் விலகவில்லை, விலகும் எண்ணமும் இல்லை என்று அன்று இரவே பெர்மன் பதில் அறிக்கை விடுகிறார். மறுநாள் பாரிடமிருந்து கடிதம், அதிபரே உங்களை விலக்கிவிட்டார் என்று. அந்த இரவு முழுக்க நடந்த சண்டை இந்த ஒரு க் மேல்தான்!

---

அண்ணா, தொடுநருக்கு என் ஓட்டு. விலக்கல்தான் உதைக்கிறது. மெய்ப்புப் பார்க்கிறவர் எழுத்துப்பிழை என்று நினைத்து க்கை எடுத்துவிடுவார், அப்புறம் நாமே வில்லியம் பார் பக்கம் சாட்சி சொன்னது போல ஆகிவிடும். ‘விலக்கம்’ என்றால் என்ன?

---

விலக்கம் நல்லாயிருக்கே தம்பி. பெர்மன் விலக்கம், இக்லேசியஸ் விலக்கம்... சொல்லிப் பார்த்தால் நாக்கில் நிற்கிறது. ஆனால் வினையாக எழுதும்போது ‘விலக்கப்பட்டார்’தான், அங்கே க்கை யாரும் தொடக்கூடாது.