டேட்டன் ஒப்பந்தம் பொஸ்னியாவைக் காப்பாற்றியதா, கட்டிப்போட்டதா?

வரைபடப் பைத்தியம்:
நேற்று ராத்திரி பொஸ்னியா வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன், தலை சுற்றிவிட்டது. 51,000 சதுர கிலோமீட்டர்தான் மொத்த நாடு. அதற்குள் இரண்டு அரசுகள். ஒன்று பொஸ்னியாக் முஸ்லிம்களும் குரோஷியர்களும் சேர்ந்த கூட்டமைப்பு, அதற்குள் கன்டோன் என்ற பத்து மாகாணங்கள். மற்றொன்று செர்பியக் குடியரசு (பக்கத்து நாடான செர்பியா வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்). இரண்டின் ஆட்சிக்கும் உட்படாமல் ப்ருச்கோ என்று ஒரு மாவட்டம். மேலே மூன்று பேர் கொண்ட அதிபர் மன்றம், எட்டு மாதத்துக்கு ஒருவர் தலைவர். 2013 கணக்கெடுப்புப்படி 35 லட்சம் பேரை ஆள இவ்வளவும்!

எல்லாம் 1992 முதல் நடந்த பொஸ்னியப் போரை நிறுத்திய 1995 டேட்டன் ஒப்பந்தத்தின் கைங்கரியம். என் கட்சி இதுதான்: போர் நின்ற இடத்தில் கோடு போட்டு, கொஞ்சம் அங்கே இங்கே நகர்த்தி, கூட்டமைப்புக்கு 51 சதவீதம், செர்பியக் குடியரசுக்கு 49 சதவீதம் என்று பிரித்து, அதையே அரசியல் சட்டமாக்கிவிட்டார்கள். ஸ்ரெப்ரெனிட்சாவில் 1995 ஜூலையில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களையும் சிறுவர்களையும் கொன்றது செர்பியக் குடியரசின் படை. அந்த ஊர் இன்று எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள்.

பழைய பேப்பர்:
கோபம் நியாயம்தான். ஆனால் 1995 நவம்பரில் அந்த மேசையில் நீங்கள் உட்கார்ந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் செத்தாயிற்று. இருபது லட்சத்துக்கும் மேல் வீடிழந்தாயிற்று. தலைநகர் சரயேவோவின் முற்றுகை மூன்றரை வருடத்தைத் தாண்டிவிட்டது. 1984 குளிர்கால ஒலிம்பிக் நடந்த அதே மலைகளில் பீரங்கி. விமான ஓடுதளத்துக்கு அடியில் தோண்டிய 800 மீட்டர் சுரங்கம்தான் ஊருக்குச் சோறு போட்டது. நியாயமான கோடு கிடைக்கும்வரை இன்னும் ஒரு வருடம் சுடட்டும் என்பீர்களா? முப்பது வருடமாக அங்கே படைகள் மோதவில்லை. எனக்கு அது பெரிய விஷயம்.

ஆற்றங்கரை:
இருவருமே கோட்டைப் பார்க்கிறீர்கள், ஆற்றைப் பார்க்கவில்லை. கிழக்கே செர்பியாவுடன் எல்லை பெரும்பாலும் ட்ரினா ஆறு. அந்தப் பள்ளத்தாக்கில் பொஸ்னியாக்குகள் பெரும்பான்மையாக இருந்த ஊர்கள் பல. 1992 மே மாதம் பொஸ்னியச் செர்பியத் தலைமை ஆறு இலக்குகளைத் தீர்மானமாகவே போட்டது. அதில் ஒன்று ட்ரினா எல்லையாக இருக்கக் கூடாது என்பது. விஷெக்ராட், ஃபோச்சா, ஸ்ரெப்ரெனிட்சா எல்லாம் அந்தக் கணக்கில் போனவை. ட்ரினா கரையில் விழாமல் நின்ற ஊர் கோராஜ்தே. டேட்டனில் அதற்குச் சரயேவோ பக்கம் ஒரு வழி ஒதுக்கினார்கள், படத்தில் விரல் நீட்டினாற்போல் தெரியும். வடக்கே சாவா ஆற்றங்கரையில் ப்ருச்கோ. அது இல்லாவிட்டால் செர்பியக் குடியரசு இரண்டு துண்டு. அதனால்தான் அங்கே அவ்வளவு சண்டை.

வரைபடப் பைத்தியம்:
இதைத்தான் நானும் சொல்கிறேன். 1992இல் ஆசைப்பட்டதில் பெரும்பகுதி 1995இல் கையெழுத்தோடு கிடைத்துவிட்டது.

பழைய பேப்பர்:
கிடைத்தது நிலம். ஆனால் அதன் பிறகு நடந்ததையும் பாருங்கள். 1998 வரை வண்டியின் நம்பர் பிளேட்டைப் பார்த்தாலே ஆள் எந்தப் பக்கம் என்று தெரியும், கோட்டைத் தாண்ட யாருக்கும் துணிச்சல் வராது. புதிய பிளேட்டில் ஊர்ப் பெயர் கிடையாது. எழுத்துகளும் லத்தீனிலும், செர்பியர்கள் எழுதும் சிரில்லிக்கிலும் ஒரே உருவத்தில் இருப்பவை மட்டும்: ஏ, ஈ, ஜே, கே, எம், ஓ, டீ. அவ்வளவுதான், ஜனங்கள் போக வர ஆரம்பித்தார்கள். நாணயம் ஒன்றாயிற்று. ஒன்றையொன்று சுட்ட படைகள் 2006 முதல் ஒரே அமைச்சகத்தின் கீழ். 2004 வாக்கில் பத்து லட்சம் பேர் ஊர் திரும்பியதாக ஐ.நா. அகதிகள் அமைப்பு கணக்குச் சொன்னது.

வரைபடப் பைத்தியம்:
திரும்பியவர்களில் எத்தனையோ பேர் வீட்டைக் கையில் வாங்கி, விற்றுவிட்டு மறுபடி கிளம்பியவர்கள். அப்புறம், நீங்கள் மெச்சும் பிளேட், ஏன், நாட்டின் கொடிகூட யார் செய்தது? ஒப்பந்தத்தை மேற்பார்வையிட வைத்த, தேர்தலில் யாரும் தேர்ந்தெடுக்காத வெளிநாட்டு உயர் பிரதிநிதி! 1997க்குப் பிறகு சட்டம் போடவும் அதிகாரிகளைத் தூக்கவும் அவருக்கு அதிகாரம். உள்ளூர் அமைப்பு தானாக எதைச் செய்தது? ஒரு ரோமா, ஒரு யூதர், இருவரும் அதிபர் மன்றத்துக்குப் போட்டியிட முடியாது என்பது பாகுபாடு என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2009இல் தீர்ப்பளித்தது. இன்னும் நிறைவேற்றவில்லை. மூன்று இனத்தில் ஒன்றைச் சேராதவன் அங்கே "மற்றவர்". சட்டத்தில் உள்ள சொல்லே அது.

பழைய பேப்பர்:
அந்தத் தீர்ப்பு விஷயத்தில் எனக்கு வாதமே இல்லை. வெட்கக்கேடு. ஆனால் ப்ருச்கோவைப் பாருங்கள். மூன்று சமூகத்துப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் படிக்கிறார்கள். இதே நாட்டில்தான்.

வரைபடப் பைத்தியம்:
ப்ருச்கோவா! டேட்டனில் கோடு போட முடியாமல் நடுவர் மன்றத்துக்குத் தள்ளிவிட்ட இடம் ஐயா அது. 1999இல்தான் தீர்ப்பு வந்தது. கோடு போடாத இடத்தில் பிள்ளைகள் சேர்ந்து படிக்கிறார்கள். எனக்காக வாதாடியதற்கு நன்றி.

பழைய பேப்பர்:
அங்கேயும் அமெரிக்க மேற்பார்வையாளர் ஒருவர் உட்கார்ந்து செய்ததுதான். வெளியாள் கூடாது என்று இப்போதுதானே சொன்னீர்கள்?

ஆற்றங்கரை:
வெளியாள் இல்லாமல் நடந்த ஒன்று உண்டு. கூட்டமைப்பில் ஐம்பதுக்கு மேற்பட்ட பள்ளிகளில் "ஒரே கூரையில் இரண்டு பள்ளி". குரோஷியப் பிள்ளைகள் ஒரு பக்கம், பொஸ்னியாக் பிள்ளைகள் ஒரு பக்கம், பாடத்திட்டமும் வேறு. யாய்ட்சே ஊரில் இப்படிப் பிரித்து இன்னொன்று தொடங்கப் பார்த்தார்கள். இரு தரப்பு மாணவர்களும் சேர்ந்து தெருவில் இறங்கினார்கள். 2017இல் கன்டோன் அரசு திட்டத்தைக் கைவிட்டது.

வரைபடப் பைத்தியம்:
மற்ற ஊர்களில்?

ஆற்றங்கரை:
அந்தத் திட்டம்தான் நின்றது. ஏற்கனவே பிரித்து வைத்த பள்ளிகள் அப்படியே நடந்தன.