வளவு வீடு – பேரேடு ஸ்கேன் குழு

காரைக்குடி ஆச்சி (இரவு 8:12): அண்ணே, ரங்கூன் பேரேட்டில் 46 பக்கம் இந்த வாரம் ஸ்கேன் எடுத்து முடித்தேன். சென்னை சர்வரில் ஒன்றுகூட இல்லையே? தாளைத் தொட்டாலே ஓரம் பொடியாக உதிர்கிறது. இன்னொரு தடவை விரிக்க எனக்குத் தைரியம் இல்லை.

சென்னை அண்ணன்: பதறாதே. படங்கள் வீட்டு மெஷினில் பத்திரமாக இருக்கும், இங்கே வந்து சேரவில்லை. தம்பி, கணக்கு அறையில் போய் உட்கார். கிரான்டேபில், அதாவது குறித்த நேரத்தில் கிரான் தானாக ஓட்டும் வேலைகளின் பட்டியலில், படங்களை இங்கே அனுப்பும் ராத்திரி 2 மணி வேலை இருக்கிறதா பார்.

தம்பி: இருக்கிறது அண்ணே. போன ஞாயிறு நான்தான் அந்த வரியை மாற்றினேன், ஓட்டத்தைப் பதியும் லாக் நாள்வாரியாகச் சேரட்டும் என்று. டெர்மினலில் கையால் கட்டளை தட்டி ஓட்டிப் பார்த்தேன், அன்றைக்கு ஒழுங்காக ஓடியது.

அண்ணன்: மெஷினின் பொதுப் பதிவான சிஸ்லாகில் 2 மணிக்கு என்ன இருக்கிறது?

தம்பி: தினமும் பதிவு இருக்கிறது. ஆனால் வரி 'டேட் பிளஸ்' என்ற இடத்தோடு நின்றுவிடுகிறது. மீதியைக் காணோம்!

அண்ணன்: பிடித்துவிட்டாய். தேதிக்காக அடுத்து வரும் சதவீதக் குறிதான். கிரான்டேப் வரியில் அந்தக் குறி வந்தால் கட்டளை அங்கேயே முடிந்ததாகக் கிரான் எடுத்துக்கொள்ளும். டெர்மினலில் அந்த வழக்கம் கிடையாது, அதனால்தான் கையால் ஓட்டினால் ஓடியது. குறிக்கு முன்னால் ஒரு பின்சாய்கோடு போட்டால் போதும். ஆனால் தேதியை ஸ்கிரிப்டுக்குள் வைத்துவிட்டு, கிரான்டேபில் ஸ்கிரிப்டின் முழுப் பாதையை மட்டும் எழுதுவதுதான் நல்லது. பிழைச் செய்தியும் லாகுக்குப் போகட்டும்.

தம்பி (8:51): மாற்றிவிட்டேன். 2 நிமிடம் கழித்து ஓட வைத்துப் பார்த்தேன். ஓடுகிறது, ஆனால் லாகில் 'கனெக்‌ஷன் டைம்ட் அவுட்', பதில் வராமல் நேரம் முடிந்ததாம்.

அப்பச்சி: லைன் போய்விட்டதா?

தம்பி: இல்லை அப்பச்சி, நெட் நன்றாக இருக்கிறது.

அண்ணன்: 'ரெஃப்யூஸ்டு', அதாவது மறுப்பு, என்று உடனே வந்திருந்தால் இங்கே வெளியிலிருந்து சர்வருக்குள் நுழைய விடும் எஸ்எஸ்எச் படுத்திருக்கிறது எனலாம். பதிலே வராமல் காத்திருந்து விழுந்தால் பெரும்பாலும் இணைப்புகளை வடிகட்டும் ஃபயர்வால்தான் தரவுப் பாக்கெட்டைச் சத்தமில்லாமல் தடுக்கிறது. வெளியிலிருந்து எஸ்எஸ்எச் வாசலான 22ஆம் போர்ட்டுக்குக் காரைக்குடி வீட்டு இணைய முகவரியான ஐபியை மட்டும்தான் விட்டிருக்கிறேன். அங்கே கரண்ட் போனதா?

ஆச்சி: செவ்வாய் மத்தியானம் முழுக்க இல்லை அண்ணே.

அண்ணன்: அப்போ ரௌட்டர் அணைந்து எழுந்தபோது புது ஐபி வாங்கியிருக்கும். மாறுகிற ஐபியை நம்பி விதி எழுதினது என் தப்பு, ஆச்சிக்கு ஒரு வாரம் வீண் பயம்.

அண்ணன் (9:20): சரி செய்துவிட்டேன். ஃபயர்வால் விதிகளை எழுதும் யூஎஃப்டபிள்யூவில் முதலில் புது விதியைச் சேர்த்தேன். திறந்திருந்த விண்டோவை மூடாமல், இன்னொன்றில் உள்ளே வர முடிகிறதா என்று பார்த்த பிறகே பழையதை அழித்தேன். இதில் அவசரப்பட்டால் நாமே வெளியே நிற்க வேண்டியதுதான். இப்போது 22க்கு லிமிட் இருக்கிறது: 30 விநாடிக்குள் 6 தடவை தட்டுகிற ஐபி மறுக்கப்படும். பாஸ்வேர்டும் செல்லாது, சாவிக் கோப்பு இருந்தால்தான் நுழைவு. தம்பி, கையால் ஓட்டாதே. ராத்திரி கிரான் தானாக ஓடட்டும், அதுதான் உண்மையான சோதனை.

தம்பி (காலை 5:40): 2 மணி ஓட்டம் முடிந்திருக்கிறது. இரண்டு பக்கமும் எண்ணினேன், 46க்கு 46.

ஆச்சி: அண்ணே, 31ஆம் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஓரத்தில் ஐயா கையெழுத்து.

அப்பச்சி: பார்த்தேன். அடுத்த பேரேட்டைப் பெட்டியிலிருந்து நானே எடுத்துத் தருகிறேன் ஆத்தா.