'ஆட்பால் பிரிடேட்டர்' மீனுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்? (கலைச்சொல் இழை)

தருமபுரி:
அனைவருக்கும் வணக்கம். இங்குள்ள கலர் மீன் கடைகளில் வைக்க எட்டுப் பக்கக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். இரண்டடித் தொட்டியில் (24×12×12 அங்குலம், ஏறத்தாழ 55 லிட்டர்) எந்த 'ஆட்பால் பிரிடேட்டர்' (oddball predator: வழக்கமான கலர் மீன்களில் சேராத, மற்ற உயிர்களைப் பிடித்துத் தின்னும் மீன்) எதனோடு ஒத்துப்போகும் என்பது மூன்றாம் பகுதி. ஆப்பிரிக்கப் பட்டாம்பூச்சி மீன், இலை மீன், குட்டி பஃபர், சின்ன விரால் வகை எல்லாம் இதில் வருகின்றன. "விநோத வேட்டை மீன்கள்" என்று போட்டுப் பார்த்தேன், சிறுவர் மலர்த் தலைப்பு மாதிரி இருக்கிறது. யோசனை சொல்லுங்கள்.

பாலக்கோடு:
பாடநூலில் 'ஊனுண்ணி' இருக்கிறதே? பிள்ளைகளுக்குத் தெரிந்த சொல்.

ஓசூர்:
டீச்சர், அது சரிப்படாது. கௌராமி புழு தின்னும், கோல்ட் பிஷ்கூட தின்னும். எல்லாமே ஊன் உண்பவைதான். இங்கே கேள்வி, பக்கத்தில் நீந்துகிறதைத் தின்னுமா தின்னாதா என்பது. கடைக்கு வருகிறவருக்குத் தெரியவேண்டியது அது ஒன்றுதான்.

கிருஷ்ணகிரி:
சொல் நம்மிடம் எப்போதோ இருக்கிறது. குறுந்தொகை எட்டாம் பாட்டில் "பழன வாளை கதூஉம்". வயலோரத்து மாமரத்திலிருந்து விழுகிற பழத்தைக் குளத்து வாளை கதுவுகிறது. (மாங்கனி மாவட்டத்துக்காரன் என்பதால் இந்தப் பாட்டை எடுக்கவில்லை. எடுத்தாலும் தப்பில்லை.) மரங்கொத்தி, மீன்கொத்தி போல இகர விகுதி சேர்த்தால் 'கதுவி'. இரண்டு சொல்லைக் கூட்டிச் சொல்லவேண்டாம், மூன்றெழுத்தில் முடிந்தது. இன்னொன்றும் கவனியுங்கள். யாப்பில் மேற்கதுவாய், கீழ்க்கதுவாய் படித்திருப்பீர்கள். மேற்கதுவாயில் இரண்டாம் சீரிலும், கீழ்க்கதுவாயில் மூன்றாம் சீரிலும் தொடை விட்டுப்போகும். கதுவாய் என்றால் மூளி, பொள்ளல். பஃபர் கடித்த வால் துடுப்பு அரைவட்டமாகப் பிய்ந்திருக்கும் பாருங்கள், அதுவும் கதுவாய்தான். ஒரே வேரில் கடிக்கிறதும் ஆயிற்று, கடிபட்டதும் ஆயிற்று.

தருமபுரி:
ஐயா, அருமை. ஆனால் பென்னாகரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடையில் "கதுவி இருக்கா" என்று கேட்டால் என்ன தருவார்கள்?

ஓசூர்:
கதவுக்குப் போடுகிற சாமான் தருவார்கள்.

சொல் அழகு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உயிரியல் ஒட்டவில்லை ஐயா. கதுவுதல் என்றால் கவ்விப் பிடிப்பது. இந்தப் பட்டியலில் பாதி மீன் கவ்வாது. இலை மீனைப் பாருங்கள். காய்ந்த இலை மாதிரி தலைகீழாகச் சாய்ந்து மிதந்துகொண்டே வரும், தாடைக்குக் கீழே காம்பு மாதிரி ஒரு தசை நீட்டிக்கொண்டிருக்கும். இரை பக்கத்தில் வந்ததும் வாய் குழாய் போல முன்னால் நீளும். தண்ணீரோடு இரை உள்ளே போய்விடும், பல்லுக்கு வேலையே இல்லை. விராலும் பெரும்பாலும் உறிஞ்சித்தான் எடுக்கும். நிஜமாகக் கதுவுவது நம் கொக்கு மீன். நீண்ட அலகால் இரையைக் குறுக்கே பிடித்து, தலைப்பக்கம் திருப்பி விழுங்கும். அதுவோ ஓரடிக்கு வளரும், பயந்தால் கண்ணாடியில் மோதி அலகை முறித்துக்கொள்ளும். இரண்டடித் தொட்டியில் விடவே கூடாது. வாங்கக்கூடாத ஒரே மீனுக்குப் பொருந்துகிற சொல்லை வைத்து என்ன செய்வது?

வாயில் நுழைகிற எதுவும் சாப்பாடு, அதுதான் கணக்கு. தலை நீளத்தையோ உடம்பு நீளத்தையோ பார்த்து ஏமாறக்கூடாது, வாய் திறந்தால் எவ்வளவு அகலம் என்று பார்க்கவேண்டும். அதனால் 'விழுங்கி'.

பாலக்கோடு:
விழுங்கி நல்லா இருக்கு. படித்ததும் புரிகிறது. ஆனால் தம்பி, பஃபர் எதையும் விழுங்காதே?

ஓசூர்:
சரியான கேள்வி டீச்சர். பம்பை ஆற்றுப் பக்கத்துக் குட்டி பஃபர் ஓரங்குலம்தான். பல் ஒட்டி அலகு மாதிரி இருக்கும், கடித்துக் கடித்துப் பிய்க்கும். நத்தையைத் தின்னும், நீளத் துடுப்புள்ள கப்பியை விட்டால் வாலைக் கொறித்தே கொன்றுவிடும். அதற்கு 'கொறிப்பி' என்று தனிச்சொல் வேண்டும். இந்தப் பிரிவு கையேட்டுக்கு உதவும். விழுங்கியோடு வாயில் நுழையாத மீனை விடலாம். கொறிப்பியோடு அளவு பார்த்துப் பயனில்லை. அதைத் தனியாக, ஓர் ஆணுக்கு மூன்று பெண் என்று அடர்த்தியான செடி போட்டு வைக்கவேண்டும்.

கிருஷ்ணகிரி:
கொறிப்பது அணிலுக்கு உரியது. கொறிணி என்று எலி வகையைச் சொல்லிக் கெடுத்தாயிற்று. மீனுக்கு 'கதுவாய் செய்வது' என்றாலே போதும்.

தருமபுரி:
எது எதனோடு ஒத்துப்போகும் என்ற பகுதியைத் தமிழாக்கிவிட்டேன். சரிபார்த்துச் சொல்லுங்கள்:

"பட்டாம்பூச்சி மீன் நீர்மட்டத்திலேயே நிற்கும் விழுங்கி, வாய் மேல்நோக்கி இருக்கும். அடியில் போன தீனியை எடுக்காது. ஆகவே மணலில் புதைகிற அயிரை ஐந்தாறு இதனோடு பொருந்தும். நியான் டெட்ராவும் கப்பியும் இரையாகிவிடும். டைகர் பார்ப் இதன் தொங்கும் துடுப்பு இழைகளைப் பிய்க்கும். பில்டர் தண்ணீர் மேற்பரப்பைக் கலக்காதபடி திருப்பி வைக்கவும். மூடி இறுக்கமாக இருக்கட்டும், தாவும்."

ஓசூர்:
சரி. இன்னும் நாலு விஷயம் சேருங்கள். தருமபுரிப் பக்கம் போர் தண்ணீர் கடின நீர் (சுண்ணாம்புச் சத்து மிகுந்தது). பட்டாம்பூச்சி மீன் ஓரளவு சமாளிக்கும், இலை மீன் தாங்காது, ஆர்.ஓ. தண்ணீர் கலக்காமல் வாங்கவேண்டாம். ஒகேனக்கல் குடிநீர் என்றால் குளோரின் போகத் திறந்த டிரம்மில் ஒரு நாள் வைக்கவேண்டும், அவசரத்துக்கு ஹைப்போ (குளோரினை நீக்கும் உப்பு). ஓசூரில் மார்கழி இரவுக்கு 50 வாட் ஹீட்டர் கட்டாயம். இரைக்கு மலிவு கோல்ட் பிஷ் போடுகிற பழக்கத்தைக் கண்டித்தே எழுதுங்கள். அதிலுள்ள தயாமினேஸ் என்ற நொதி வைட்டமின் பி1-ஐ அழிக்கும், நோயும் கூடவே வரும். மண்புழு, இறால் துண்டு, வெட்டுக்கிளி போதும்.

செனகல் பிச்சிர் என்ற ஆப்பிரிக்க மீன் மூன்றங்குலத்தில் விற்கும். ஓரடிக்குப் போகும். அதை 'வாங்காதீர்கள்' பெட்டிக்குள் தள்ளுங்கள்.

பாலக்கோடு:
'ஆட்பால்' என்பதை யாருமே தொடவில்லையே?

கிருஷ்ணகிரி:
'ஒவ்வா மீன்'.

ஓசூர்:
ஒவ்வாமை என்றால் அரிப்பு என்று நினைப்பார்கள் ஐயா. 'தனிரகம்'. கடைக்காரர்களே "அது தனி ரகம்" என்றுதான் சொல்கிறார்கள்.

கிருஷ்ணகிரி:
ரகம் உருது வழி வந்தது. 'தனிவகை' என்க.

பாலக்கோடு:
வகை என்றால் எல்லா மீனும் ஒரு வகைதான். ரகம் என்றால் கொஞ்சம் குசும்பும் தெரிகிறது. ஊரே சொல்கிற சொல், இருக்கட்டும் ஐயா.

கிருஷ்ணகிரி:
மீன் என்பதே மின்னுவது என்ற பொருளில் வந்தது, ஆரல் என்றால் கார்த்திகை விண்மீன்களையும் குறிக்கும், இப்படி வானத்தையும் குளத்தையும் ஒரே சொல்லால்...

பாலக்கோடு:
ஐயா, வெள்ளிக்கிழமை.

தருமபுரி:
நாளை மாலைக்குள் பக்கங்களை அனுப்பவேண்டும். இப்படிப் போட்டிருக்கிறேன்: அட்டையில் 'தனிரக வேட்டை மீன்கள்', உள்ளே அட்டவணையில் 'விழுங்கி', 'கொறிப்பி'. வாயின் அளவுக்கு 'வாயகலம்' என்றே வைத்துவிட்டேன், அதை யாரும் மறுக்கவில்லை. 'கதுவி' சேர்க்கவில்லை, மன்னிக்கவும் ஐயா.

கிருஷ்ணகிரி:
பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன், உடன்படவில்லை. வேட்டை என்பது வலையும் வில்லும் கொண்டு மனிதன் செய்வது. அசையாமல் நின்று வாய் திறக்கிற மீனுக்கு எது வேட்டை? கொக்கு மீன் 'வாங்காதீர்கள்' பெட்டியில் வருமல்லவா, அங்கேயாவது "இரையைக் கதுவும்" என்று வினையாக விடுங்கள்.

தருமபுரி:
விட்டாயிற்று ஐயா. பிழைதிருத்துபவர் 'கவ்வும்' என்று மாற்றாமல் இருந்தால் சரி.