குறைவாகப் பேசும் முதியவருக்கு எந்த ரீசார்ஜ் கட்டுப்படியாகும்?

குடியாத்தம் பேரன்:

எங்கள் ஆயாவுக்கு எழுபது வயதுக்கு மேல் ஆகிறது. குடியாத்தத்தை அடுத்த ஒரு கிராமத்தில் தனியாக இருக்கிறார். அவரிடம் இருப்பது பழைய 2ஜி பட்டன் போன். அவராக யாரையும் அழைப்பது அரிது. சென்னையிலிருந்து அத்தையும், ஆம்பூரில் காலணித் தொழிற்சாலையில் வேலை செய்யும் நானும் மாலையில் அழைத்தால் எடுத்துப் பேசுவார். இதற்காக 28 நாளைக்கு ஒருமுறை 199 ரூபாய் போடுகிறோம். அரசு தரும் முதியோர் உதவித்தொகை 1200 ரூபாயிலிருந்துதான் ரீசார்ஜ் செய்ய வேண்டும் என்று ஆயா உறுதியாக இருக்கிறார். எங்களிடம் வாங்க மறுக்கிறார். அதில் ஆறில் ஒரு பங்கு போனுக்கே போய்விடுகிறது. பிளானோடு வரும் டேட்டா அவருக்கு எந்த வகையிலும் உதவுவதில்லை. எண்ணை மாற்றாமல், இன்கமிங் நிற்காமல், செலவைக் குறைக்க வழி உண்டா?

சத்துவாச்சாரி கணக்கர்:

தம்பி, உங்கள் ஆயாவைப் போன்றவர்களுக்காகவே ஒரு விதி வந்திருக்கிறது. 2024 டிசம்பர் 23 அன்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வெளியிட்ட திருத்தத்தின்படி, ஒவ்வொரு நிறுவனமும் டேட்டா இல்லாமல் அழைப்புக்கும் எஸ்.எம்.எஸ்.ஸுக்கும் மட்டுமான ரீசார்ஜ் ஒன்றையாவது விற்க வேண்டும். இவ்வகைச் சிறப்புக் கட்டண ரீசார்ஜ்களுக்கு அதுவரை 90 நாளாக இருந்த வேலிடிட்டியின் உச்ச வரம்பும் 365 நாளாக உயர்த்தப்பட்டது. அதன்படி 2025 ஜனவரியில் ஏர்டெல் 84 நாளைக்கு 469 ரூபாய், 365 நாளைக்கு 1849 ரூபாய் என்று இரண்டு பிளான்களைக் கொண்டுவந்தது. ஜியோவில் 84 நாளைக்கு 448 ரூபாய், 336 நாளைக்கு 1748 ரூபாய். வோடபோன் ஐடியாவிலும் ஆண்டுப் பிளான் 1849 ரூபாய்தான்.

கணக்கைப் பாருங்கள். 28 நாள் என்றால் ஆண்டுக்கு 13 முறை. 199 வீதம் 2587 ரூபாய். ஆண்டுப் பிளானில் 738 ரூபாய் மிச்சம். அதைவிட முக்கியமானது விலை உயர்விலிருந்து கிடைக்கும் பாதுகாப்பு. 2018 கடைசியில் இணைப்பை உயிரோடு வைத்திருக்கக் குறைந்தபட்சம் 35 ரூபாய் போட வேண்டும் என்று தொடங்கினார்கள். 2021-இல் அது 79 ஆகி, அதே ஆண்டிலேயே 99 ஆகி, இப்போது 199-இல் நிற்கிறது. அடுத்த உயர்வு எப்போது வந்தாலும், ஆண்டுப் பிளான் போட்டவரை அது முடியும்வரை தொடாது. பணம் கட்டும் முன் அன்றைய விலையை நிறுவனத்தின் ஆப்பில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

காகிதப்பட்டறை ரீசார்ஜ் கடை:

கணக்கர் ஐயாவின் பெருக்கல் சரி. ஆனால் கையில் 1200 ரூபாய் வருகிறவரை 1849 ரூபாய் ஒரே தவணையாகக் கட்டச் சொல்வது எப்படி நடக்கும்? என் கடைக்கு வரும் முதியவர்களில் பெரும்பாலோர் உதவித்தொகை வந்த அன்று வருகிறார்கள். மருந்துச் சீட்டு ஒரு கையில், போன் ஒரு கையில். ஆண்டுப் பிளான் மலிவு என்று நான் சொன்னால் தலையாட்டிவிட்டு 199-ஐயே போடச் சொல்கிறார்கள். அவர்களுக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை. அடுத்த மாதம் உடம்புக்கு ஏதாவது வந்தால் அந்த 1849 ரூபாய் திரும்பி வராது என்பதை அவர்கள் நன்றாக அறிவார்கள்.

ஆண்டுப் பிளான் போட்ட பிறகு சிக்னல் சரியில்லை என்று வேறு நிறுவனத்துக்கு மாறினால், மீதி நாள்கள் அப்படியே போய்விடும் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். நான் 84 நாள் பிளானைத்தான் பரிந்துரைப்பேன். 469 ரூபாய்க்கு ஒரு நாளுக்கு 5.58 ரூபாய் ஆகிறது. ஆண்டுப் பிளானில் 5.07. அரை ரூபாய் வித்தியாசத்துக்காக ஒரு மாத வருமானத்துக்கும் மேலான தொகையைப் பூட்டி வைக்க வேண்டியதில்லை.

அணைக்கட்டு விவசாயி:

இருவரும் தனியார் நிறுவனங்களுக்குள்ளேயே சுற்றுகிறீர்கள். பி.எஸ்.என்.எல்.லில் 1198 ரூபாய்க்கு 365 நாள் பிளான் இருக்கிறது. மாதத்துக்கு 300 நிமிடப் பேச்சு, 3 ஜிபி டேட்டா, 30 எஸ்.எம்.எஸ். ஒரு நாளுக்கு 3.28 ரூபாய்தான். அந்த 300 நிமிடம் வெளியே அழைப்பதற்கு. வரும் அழைப்புக்குக் கணக்கே கிடையாது. தாமாக அழைக்காத ஆயாவுக்கு வரம்பில்லாத அழைப்பு எதற்கு? பயன்படுத்தாத டேட்டாவுக்குக் காசு கொடுப்பது தவறு என்றால், பயன்படுத்தாத வரம்பற்ற பேச்சுக்குக் காசு கொடுப்பதும் அதே தவறுதான். எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மட்டும் மாற்றி போர்ட் செய்துகொள்ளலாம். 2ஜி போனும் அப்படியே ஓடும்.

சத்துவாச்சாரி கணக்கர்:

பி.எஸ்.என்.எல். விலையில் மலிவு என்பதை மறுக்கவில்லை. அதன் சிறிய பிளான்களில் விலையை அப்படியே வைத்துக்கொண்டு நாள்களைக் குறைக்கும் வழக்கத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். 107 ரூபாய்ப் பிளான் 35 நாளிலிருந்து 28 நாளானது அப்படித்தான். ஒரு நாளுக்கான செலவைப் பார்க்காமல் தலைப்பில் உள்ள விலையை மட்டும் பார்ப்பவருக்கு அது தெரியாது.

அதைவிடப் பெரிய கேள்வி சிக்னல். 2025 செப்டம்பர் 27 அன்று உள்நாட்டுத் தொழில்நுட்பத்தில் 4ஜி சேவையை நாடு முழுவதும் தொடங்கிவிட்டார்கள், நல்லதுதான். ஆனால் குடியாத்தம் பக்கத்துக் கிராமத்தில், சுவர் தடித்த ஓட்டு வீட்டுக்குள், இரவு எட்டு மணிக்கு மணி அடிக்குமா என்பதை எந்தத் தொடக்க விழாவும் சொல்லாது. தனியாக இருக்கும் முதியவரின் போன் ஒரு நாள் எட்டவில்லை என்றால், சேமித்த 651 ரூபாய்க்கு என்ன மதிப்பு?

அணைக்கட்டு விவசாயி:

அந்த ஐயம் எல்லா நிறுவனத்துக்கும் பொருந்தும். எங்கள் பக்கத்தில் மலை ஏறினால் பீஞ்சமந்தையில் ஒரு கம்பெனி சிம் பேசும். அடுத்த குக்கிராமத்தில் அது செத்துக் கிடக்கும், வேறொன்று பேசும். தனியார் என்றால் எடுக்கும், அரசு என்றால் எடுக்காது என்று பொதுவாகச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். பக்கத்து வீட்டில் பி.எஸ்.என்.எல். வைத்திருப்பவரை ஆயா வீட்டு உள்ளறைக்கு அழைத்து, அங்கிருந்து ஒரு அழைப்பு போட்டுப் பார்த்தால் கேள்வி முடிந்தது.

பேர்ணாம்பட்டு வாசகர்:

இவ்வளவு விவாதம் தேவையா? 20 ரூபாய் டாப்-அப் இருந்தால் 90 நாளுக்கு மேல் எண் உயிரோடு இருக்கும் என்று டிராய் விதி இருக்கிறதே. வாட்ஸ்அப்பில் எல்லாக் குழுக்களிலும் வந்தது. ஆயா வெளியே அழைப்பதில்லை என்றால் இன்கமிங்குக்கு அதுவே போதும்.

ஒடுகத்தூர் ஆசிரியை:

இதை நம்பி ஒரு குடும்பம் எண்ணை இழக்கக்கூடும் என்பதால் விரிவாக எழுதுகிறேன். அந்த விதி புதிதன்று, 2013-இல் வந்தது. ஒரு பிரீபெய்டு இணைப்பை 90 நாள் தொடர்ந்து எந்தப் பயன்பாடும் இல்லாமல் இருந்தாலொழியத் துண்டிக்கக் கூடாது. அப்போதும் கணக்கில் 20 ரூபாய் இருந்தால் அதை எடுத்துக்கொண்டு 30 நாள் நீட்டிக்க வேண்டும். துண்டித்த பிறகும் திரும்பப் பெற 15 நாள் அவகாசம் தர வேண்டும். விதி சொல்வது இவ்வளவுதான். எண் வேறொருவருக்குப் போகாமல் காப்பாற்றுவதற்கு அது உதவும். வேலிடிட்டி முடிந்த பிறகும் அழைப்பு வந்துகொண்டே இருக்க வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. தனியார் நிறுவனங்களில் பிளான் முடிந்ததும் வெளியழைப்பு உடனே நிற்கும். சில நாளில் இன்கமிங்கும் நின்றுவிடும். அத்தை சென்னையிலிருந்து அழைக்கும்போது மணி அடிக்காது என்றால், எண் உயிரோடு இருந்து ஆயாவுக்கு என்ன பயன்?

எண் துண்டிக்கப்பட்டால், 90 நாள் கழித்து அதை வேறொருவருக்குக் கொடுக்கலாம். உதவித்தொகை வரும் வங்கிக் கணக்கு, ஆதார், ரேஷன் அட்டை, எரிவாயுப் பதிவு எல்லாவற்றுக்கும் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வருகிறது. என் பள்ளிப் பிள்ளைகளின் வீடுகளில், நின்றுபோன எண்ணை எல்லா அலுவலகத்திலும் மாற்றுவதற்காகத் தாத்தா பாட்டிமார் கூலி வேலையை விட்டுவிட்டு ஒடுகத்தூருக்கும் வேலூருக்கும் அலைவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு ஆண்டு ரீசார்ஜில் மிச்சமாகும் பணம் அந்தப் பேருந்துச் செலவிலேயே போய்விடும்.

காட்பாடி ரயிலடி:

நான் நிறுவனங்களின் பக்கத்தையும் பார்க்க வேண்டும் என்பேன். 2003 மே மாதத்திலிருந்து இன்கமிங் இலவசம். அப்படியிருந்தும் நிறுவனத்துக்கு நட்டமில்லை. ஏனென்றால் அழைக்கும் நிறுவனம், அழைப்பைப் பெறும் நிறுவனத்துக்கு நிமிடத்துக்கு இவ்வளவு பைசா கொடுத்துவந்தது. அது 2017 அக்டோபரில் 14 பைசாவிலிருந்து 6 பைசாவாகி, 2021 ஜனவரி 1 முதல் முற்றிலும் நீங்கிவிட்டது. இன்று இன்கமிங் மட்டும் பெறுகிறவரால் நிறுவனத்துக்கு ஒரு பைசா வருமானமில்லை. அந்தப் பைசா குறைந்த மறு ஆண்டே குறைந்தபட்ச ரீசார்ஜ் வந்ததைப் பாருங்கள். ஆயா பேசினாலும் பேசாவிட்டாலும் டவருக்கு மின்சாரமும் டீசலும் வாடகையும் கொடுத்தாக வேண்டும். ஒரு நாளுக்கு 5 ரூபாய் என்பது அதற்கு அதிகமில்லை.

ஒடுகத்தூர் ஆசிரியை:

காரணத்தைச் சரியாகச் சொன்னீர்கள் ஐயா. முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. டவருக்குச் செலவு உண்டு என்றால், இணைப்பை வைத்திருப்பதற்கு ஒரு நியாயமான தொகையை மட்டும் வாங்கட்டும். இங்கே நடப்பது வேறு. டிராய் தனிப் பிளான் கொண்டுவரச் சொன்னதும், ஏர்டெல்லில் 84 நாளைக்கு 6 ஜிபி டேட்டாவோடு 509 ரூபாய்க்கு இருந்த பிளானிலிருந்து டேட்டாவை எடுத்துவிட்டு 499 என்று விலை வைத்தார்கள். டேட்டாவோடு வேண்டும் என்றவருக்கு 548 ஆனது. இந்தப் புதிய விலைகளை ஆராய்வதாக டிராய் அறிவித்த பிறகுதான் 499 என்பது 469 ஆயிற்று. ஜியோவில் 365 நாளைக்கு 1958 என்று வந்தது 1748-ஆகக் குறைந்தபோது, நாளும் 336-ஆகக் குறைந்தது. ஒரு நாள் கணக்கில் பார்த்தால் குறைந்தது 16 பைசாதான்.

கட்டணத்தை டிராய் நிர்ணயிப்பதில்லை. நிறுவனங்களே வைத்துக்கொள்ள விட்டிருக்கிறது. அதனால், தனிப் பிளான் வேண்டும் என்ற ஆணை நிறைவேறியது, விலை குறைய வேண்டும் என்ற நோக்கம் நிறைவேறவில்லை. நாட்டில் சுமார் 15 கோடிப் பேர் இன்னும் பட்டன் போன் வைத்திருக்கிறார்கள் என்று அந்தத் திருத்தத்தின் விளக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது வரும் அழைப்பும் மாதத்துக்கு ஐம்பது அறுபது நிமிடப் பேச்சும். தனியார் யாரும் அதை விற்கவில்லை.

காட்பாடி ரயிலடி:

விற்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தினால் அந்தச் செலவு மற்ற பிளான்களின் மேல் ஏறும். என் மகளின் டேட்டா பிளானில் அது வரும். அதையும் யாராவது கொடுக்கத்தானே வேண்டும்?

ஒடுகத்தூர் ஆசிரியை:

இப்போது ஆயா உங்கள் மகளின் டேட்டாவுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். அதைத்தான் நான் நியாயமில்லை என்கிறேன்.

காகிதப்பட்டறை ரீசார்ஜ் கடை:

ஜியோபாரத் போனைப் பற்றியும் கேட்பவர்கள் இருக்கிறார்கள். 2023-இல் 999 ரூபாய்க்கு வந்த 4ஜி பட்டன் போன் அது. 28 நாளைக்கு 123 ரூபாய், ஆண்டுக்கு 13 முறை போட்டால் 1599. ஆனால் அந்தக் கட்டணம் அந்த போனில் மட்டும்தான் செல்லும், அந்த போனில் வேறு சிம் வேலை செய்யாது. ஜியோவுக்கு 2ஜி கிடையாது என்பதால் ஆயாவின் பழைய போனும் வீணாகும். முதலாண்டில் போன் விலையையும் சேர்த்தால் இப்போதைய செலவேதான் வரும். பழகிய பட்டனை விட்டுப் புதியதைக் கற்கச் சொல்வதும் அவருக்குத் தொல்லை.

குடியாத்தம் பேரன்:

அனைவருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு அண்ணனை பி.எஸ்.என்.எல். போனோடு ஆயா வீட்டுக்கு வரச் சொன்னேன். திண்ணையிலும் கூடத்திலும் தெளிவாகப் பேச முடிந்தது. ஆயா படுக்கும் உள்ளறையில் மட்டும் விட்டுவிட்டுக் கேட்டது. போனைக் கூடத்து மாடக்குழியில் வைப்பதாக ஆயாவே சொல்லிவிட்டார். ஆனால் இரவில் அங்கே எழுந்து வந்து எடுப்பது எனக்குக் கவலையாக இருக்கிறது. 1198 என்றதும், ஒரு மாதப் பணம் முழுவதுமா என்று கேட்டார். கடைக்காரர் அண்ணன் சொன்னது அந்த நேரத்தில்தான் எனக்கு முழுமையாகப் புரிந்தது. பொங்கலுக்கு அத்தை புடவைக்காகக் கொடுக்கும் பணத்தை இதற்கு எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார். அதுவரை 84 நாள் பிளான் போடலாம் என்று இருக்கிறேன்.

சத்துவாச்சாரி கணக்கர்:

நல்ல முடிவு தம்பி. உள்ளறையில் சரியாகக் கேட்காத இணைப்புக்கு மாறுவதை நான் இப்போதும் விரும்பவில்லை. 84 நாளுக்குள் இரவு நேரத்திலும் மழை நாளிலும் சோதித்துப் பாருங்கள்.

அணைக்கட்டு விவசாயி:

மாறுவது என்று முடிவானால், 84 நாள் முடியும் தறுவாயில் தொடங்குங்கள், முன்பே மாறி மீதி நாளை இழக்க வேண்டாம். ஆயாவின் போனிலிருந்து போர்ட் என்று ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு அவருடைய எண்ணை எழுதி 1900-க்கு அனுப்ப வேண்டும். வெளியே எஸ்.எம்.எஸ். அனுப்பும் வசதி இல்லாத பிளானாக இருந்தாலும் இந்தச் செய்தியைத் தடுக்கக் கூடாது என்று 2021 டிசம்பரில் டிராய் உத்தரவிட்டிருக்கிறது. திரும்பி வரும் குறியீடு நான்கு நாள்தான் செல்லும் என்பதால், ஆயாவைக் குடியாத்தத்துக்கு அழைத்துவரும் நாளை முதலில் முடிவுசெய்துகொண்டு பிறகு அனுப்புங்கள். ஆதாரைக் கையில் எடுத்துவாருங்கள். சிம் மாறும் அந்த வாரத்தில் வங்கி வேலை எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம்.